புள்ளி வைத்த கேள்விகள்

ஜனவரி 8, திங்கள்

சுற்றறிக்கை வந்துவிட்டது. பிப்ரவரி ஆறாம் தேதி, மாநிலத்தின் எல்லா அரசுப் பள்ளிகளிலும் மூன்றாம் வகுப்புக்குக் கற்றல் மதிப்பீடு. ஒரே நாள், ஒரே தாள், ஒரே நேரம். முப்பது கேள்வி. பிள்ளைகள் விடையை எழுத வேண்டாமாம். தனியாக ஒரு விடைத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் அ, ஆ, இ, ஈ என்று நாலு வட்டம் இருக்கும். சரியான வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். திருத்துவது இயந்திரம். எட்டு வயசுப் பிள்ளைகளுக்கு இயந்திரம்!

தலைமையாசிரியர் ஆசிரியர் அறையில் நின்றபடி வாசித்தார். கடைசியில் இருந்த கையெழுத்துக்கு வந்ததும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். மாநில ஒருங்கிணைப்பாளர் என்று கையெழுத்துப் போட்டிருப்பது என் தங்கை.

ஒரே வீட்டில் கீழே நான், மாடியில் அவள். அவளுடைய காலைத் தேநீர் கொதிப்பது என் அடுப்பில். ஆறு மாதமாக இந்த வேலைதான் செய்கிறாள் என்பது எனக்கு இன்று சுற்றறிக்கை மூலம் தெரிகிறது. சாயங்காலம் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லக் கூடாதுக்கா, ரூல்ஸ்."

"நான் என்ன கேள்வித்தாளையா கேட்டேன்? பரீட்சை வருதுன்னுகூடவா சொல்லக் கூடாது?"

"உன்கிட்ட ஒன்பது மணிக்குச் சொன்னா பத்து மணிக்கு ஊருக்கே தெரியும்."

உண்மைதான். அதனால்தான் கூடுதலாகக் கோபம் வந்தது. அவளுக்கு எடுத்து வைத்திருந்த பிஸ்கட்டை என் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா எனக்கு நல்லதுதான்" என்று அவர் சாப்பிட்டார். பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிறர் சண்டையைக் கேட்டுப் பழகியவர்.

ஜனவரி 10, புதன்

என் மூன்றாம் வகுப்பின் இருபத்தொன்பது பேரையும் இன்று எண்ணிப் பார்த்தேன். யாரும் லீவு இல்லை.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளைக் கையில் வாங்கும் ஆசிரியர் மூன்றாம் வகுப்பு முடிய அவர்களோடேயே ஏறி வருவார். இவர்களுக்கு மூக்குத் துடைத்துவிட்ட கை இது. ஷூ நாடாவைக் கட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். எல்லாருக்கும் நான் வைத்த பட்டப்பெயர் உண்டு, சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "என்ன தப்பு பண்ணேன் டீச்சர்?" என்று பயந்து எழுந்திருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி போடும் வக்கீலம்மா. ஒரு மாதத்தில் மூன்று பென்சிலைத் தின்று தீர்க்கும் மரங்கொத்தி. பாதிக் கணக்கோடு வெளியே பார்க்கப் போய்விடும் ஜன்னல் ராணி. ஏப்ரலோடு நாலாம் வகுப்புக் கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். அதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

ஜனவரி 19, வெள்ளி

பயிற்சி நாள். இருநூறு ஆசிரியர்கள், ஒரு மண்டபம், வேலை செய்யாத மின்விசிறி. மேடையில் என் தங்கை. அவளுக்குப் பயம் வந்தால் காது மடல் சிவக்கும். கடைசி வரிசையிலிருந்தே எனக்குத் தெரிந்தது. கோபமாக இருக்கலாம் என்று போனேன். அந்தக் காதைப் பார்த்ததும் பாதி போய்விட்டது.

நிறையப் பேசினாள். அதில் ஒன்று மனசில் நின்றது. சோதனைக்காக முதலில் சில பள்ளிகளில் நடத்திப் பார்த்தார்களாம். "சில இடத்துல பசங்க வட்டத்தை அழுத்தி நிரப்புறாங்க. நிறையப் பசங்க தடவிக் கொடுக்கிற மாதிரி நிரப்புறாங்க. மெஷின் அதைக் கண்டுக்கவே இல்ல, சைபர் போட்டுடுச்சு. கை அழுத்தலைங்கிறதுக்காக ஒரு குழந்தைக்கு சைபரா? மெல்லிசா இருந்தாலும் படிக்கணும்னு நான்தான் பிடிவாதமா மாத்தச் சொன்னேன்." கை தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தட்டினேன்.

அடுத்ததாக இடி. முடிவு வந்ததும் பிள்ளைகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிப்பார்களாம். ஒரு வகுப்பில் பாதிக்கு மேல் சிவப்பு என்றால் வகுப்பாசிரியரை மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, அந்த வகுப்பைச் சிறப்பு ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைப்பார்களாம்.

எனக்கென்ன, என் பிள்ளைகள் சிவப்பாக மாட்டார்கள். ஆனாலும் அந்த வரி வீடு வரைக்கும் கூடவே வந்தது.

பதினாறு பக்கக் கையேடு கொடுத்தார்கள். பையில் போட்டேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

முடிந்தது.

கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தைப் பிள்ளைகளுக்கு வரி விடாமல் வாசிக்க வேண்டுமாம். "அன்பு மாணவர்களே, இப்போது உங்கள் விடைத்தாளின் மேல்பகுதியைக் கவனியுங்கள்" என்று ஆரம்பிக்கிறது. நான் என் பிள்ளைகளை அன்பு மாணவர்களே என்று கூப்பிட்டால் எனக்குக் காய்ச்சல் என்று நினைப்பார்கள். மூடி வைத்தேன். வட்டம் எப்படி நிரப்புவது என்று கரும்பலகையில் ஒரு தரம் வரைந்து காட்டினேன். "எப்பவும் எழுதுற மாதிரி எழுதுங்க. கேள்வி கஷ்டமா இருந்தா என்ன பண்ணணும்?"

இருபத்தொன்பது பேரும் ஒரே குரலில்: "புள்ளி வெச்சுட்டு மேல போகணும், அப்புறம் திரும்பி வரணும் டீச்சர்!"

ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் பழக்கியது. தெரியாத கேள்விப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி. அழுது நேரத்தைத் தொலைக்காதே, தெரிந்ததை முடி, பிறகு புள்ளியைத் தேடி வா. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. முப்பது வருஷத்தில் இதைவிட நல்ல பாடம் எதையும் நான் நடத்தியதில்லை என்றே சொல்வேன்.

இன்று அத்தனை பேரும் அப்படித்தான் செய்தார்கள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, நாக்கைக் கடித்துக்கொண்டு. ஜன்னல் ராணி மட்டும் கால் மணியில் முடித்துவிட்டுத் தூணில் ஏறும் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரங்கொத்தி பென்சிலில் பாதியை முடித்திருந்தான். பார்க்கப் பார்க்க எனக்கு மனசு நிறைந்திருந்தது.

பிப்ரவரி 7, புதன்

"எப்படிக்கா எழுதினாங்க?"

"நீதான் மெஷின் வெச்சிருக்கியே, அதைக் கேளு."

சிரித்தாள். பிஸ்கட் கொடுத்தேன்.

பிப்ரவரி 26, திங்கள்

இருபத்து நாலு சிவப்பு. இருபத்தொன்பதில் இருபத்து நாலு.

தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி, கதவையும் சாத்தினார். அப்போதே தெரிந்துவிட்டது. வக்கீலம்மாவுக்கு முப்பதுக்கு எட்டு. எட்டா? அவள் எனக்கே கணக்குத் திருத்துகிறவள். மரங்கொத்திக்கு ஏழு. வகுப்பில் முதல் மதிப்பெண் பத்தொன்பது — ஜன்னல் ராணிக்கு! அவளிடம் சொன்னபோது "எனக்குத் தெரியும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அணிலிடம் திரும்பிவிட்டாள்.

"மார்ச் பதினொண்ணுல ஆர்டர் போடுவாங்களாம்மா" என்றார் தலைமையாசிரியர். "சிறப்பு ஆசிரியர் வருவாங்க. நீங்க... பயிற்சிக்கு."

மூன்று மாதம். திரும்பி வரும்போது என் பிள்ளைகள் நாலாம் வகுப்புக் கட்டடத்துக்குப் போயிருப்பார்கள்.

வகுப்புக்குப் போய் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. என்னமோ நடத்தினேன். என்னடா பண்ணீங்க என் செல்லங்களா, என்ன பண்ணித் தொலைச்சீங்க?

பிப்ரவரி 27, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

கேள்வி வாரியான பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுலபமான முதல் ஆறும் அநேகமாக எல்லாருக்கும் சரி. அதற்குப் பின் கடினமானவற்றில், சரியான விடை 'அ' ஆக இருந்தால் மட்டும் சரி, மற்றதெல்லாம் சைபர். இது என்ன கூத்து? வக்கீலம்மாவுக்கு விடை 'இ' என்றால் மறந்துவிடுமா?

கையேட்டின் பின்பக்கத்தில் மாதிரி விடைத்தாள் இருந்தது. தலைமையாசிரியர் அறையில் நகலெடுத்து வந்து, பலகையில் பத்துக் கேள்வி எழுதிப் போட்டு, "அன்னைக்குச் செஞ்ச மாதிரியே செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வக்கீலம்மாவின் பின்னால் நின்றேன். நாலாவது கேள்வி கஷ்டம். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் இருப்பது 'அ' வட்டம். புள்ளி அதற்குள் உட்கார்ந்தது. கடைசியில் திரும்பி வந்து, யோசித்து, 'இ' வட்டத்தை அழகாக நிரப்பினாள். சரியான விடை.

இயந்திரத்துக்கு அங்கே இரண்டு விடை. இரண்டு விடை என்றால் சைபர். புள்ளியே வைக்காதவள், எதற்கும் திரும்பி வராதவள் ஜன்னல் ராணி ஒருத்திதான்.

அப்புறம் ஒன்பதாம் பக்கத்தைப் படித்தேன். மூன்றாவது வரி, தடித்த எழுத்தில்: வட்டத்தை நிரப்புவதைத் தவிர விடைத்தாளில் வேறு எந்தக் குறியும் இடக் கூடாது. அடைப்புக்குறிக்குள்: இதை இரண்டு முறை வாசிக்கவும்.

இரண்டு முறை. நான் ஒரு முறைகூட வாசிக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஆடவும் தெரியும், கூடமும் நேராகத்தான் இருந்தது, திமிர்தான் கோணல்.

அதே நாள், சாயங்காலம்

தங்கையிடம் சொன்னேன். மாதிரித் தாளைக் காட்டினேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"மெல்லிசா இருந்தாலும் படிக்கணும்னு நான் மாத்தினதால புள்ளியையும் விடைன்னு எடுத்திருக்கு" என்றாள் மெதுவாக.

"அப்ப சரி பண்ணு."

"ஒரு ஸ்கூலுக்கு மட்டும் எப்படிக்கா பண்ணுவேன்? பன்னிரண்டாயிரம் ஸ்கூல் இருக்கு. அதுல என் அக்கா ஸ்கூலுக்கு மட்டும் மார்க்கை ஏத்தினேன்னா நாளைக்கு என்ன பேசுவாங்க?"

"என் புள்ளைங்களை எடுத்துட்டுப் போயிடுவாங்கடி!"

"நீ ஒன்பதாம் பக்கத்தை வாசிச்சிருந்தா போயிருக்காது."

அதற்குப் பின் நான் பேசியதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு? "நீ ஒரு நாளாவது வகுப்புல நின்னு பாடம் நடத்தியிருக்கியா? பரீட்சை எழுதி நேரா நாற்காலில போய் உட்கார்ந்தவதானே" என்றேன். அவள் காது சிவந்தது. "நீ ஒரு நாளாவது சொன்னதைச் சொன்னபடி செஞ்சிருக்கியாக்கா?" என்று கேட்டுவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

அவள் பிறந்தபோது எனக்குப் பதினொரு வயசு. இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் திரிந்தவள் நான். சாப்பிடு சாப்பிடு என்று அவள் பின்னால் ஓடின வாயால் இன்று இப்படிப் பேசினேன்.

பிப்ரவரி 28, புதன்

காலையில் தேநீருக்கு அவள் வரவில்லை. இரண்டு கோப்பை வைத்துவிட்டேன், பழக்கதோஷம்.

மார்ச் 2, சனி

மூன்று நாளாக மாடியில் காலடிச் சத்தம் மட்டும். வீட்டுக்காரர் மேலேயும் கீழேயும் போய் வந்துகொண்டிருக்கிறார். என்ன பேசினாள் என்று கேட்டால் "நான் டிரைவர், கண்டக்டர் இல்ல. செய்தியெல்லாம் வாங்கிக் குடுக்க மாட்டேன்" என்கிறார்.

இன்று மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவரே ஆரம்பித்தார். மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கையேட்டில் இருக்கிறதாமே, ஏன் எழுதவில்லை என்றார். எழுதினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அறிவுரையை வாசிக்காதது என் குற்றம் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அதோடு இயந்திரத்தில் இருக்கும் கோளாறும் வெளியே வரும். அதை மாற்றச் சொன்னது யார் என்று எல்லாருக்கும் தெரியும். இருநூறு பேர் முன்னால் அவளே சொன்னாளே.

"அவ பேர் கெட்டுடும்ங்க."

"எழுதலன்னா?"

"என் புள்ளைங்க போயிடுவாங்க."

"உன் தப்பை நீ எழுது. அவ தப்பை அவ பாத்துக்குவா. சின்னக் குழந்தையா அவ?"

எனக்கு அவள் சின்னக் குழந்தைதான். அதுதானே தொல்லையே. ஆனால் இருபத்தொன்பது சின்னக் குழந்தைகள் அந்தப் பக்கம் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் மேல்கூடத் தப்பு இல்லை. நான் சொன்னதைத்தான் அச்சுப் பிசகாமல் செய்தார்கள்.

எழுதினேன். ஒரு பக்கம். "ஒன்பதாம் பக்க அறிவுரையை நான் மாணவர்களுக்கு வாசிக்கவில்லை. அது மறதியால் அல்ல, வேண்டாம் என்று நினைத்ததால்." அந்த இரண்டாவது வரியை எழுத அரை மணி நேரமாயிற்று. தங்கையைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை.

மார்ச் 4, திங்கள்

தலைமையாசிரியருக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றேகால் வருஷம். எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை நாலு முறை உதறுவார், மை வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொள்வது போல. என் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதை இப்படியே அனுப்பணுமாம்மா? மறதியால் அல்லங்கிற வரியை எடுத்துட்டா என்ன?"

"எடுத்தா பொய்யாயிடும் சார்."

பேனாவை எடுத்தார். உதறவே இல்லை. போட்டுவிட்டார். "நானும் அன்னைக்கு வகுப்பு வகுப்பா வந்து பார்த்திருக்கணும், வரல. அதையும் கீழே ஒரு வரி எழுதிடறேன்" என்றார். மனுஷனை இத்தனை வருஷமாகப் பயந்தாங்கொள்ளி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

மார்ச் 5, செவ்வாய்

காலை ஆறே முக்காலுக்குப் படியில் செருப்புச் சத்தம். வந்து எப்போதும் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாள். நான் தேநீரை ஊற்றினேன்.

"உன் லெட்டர் நேத்து சாயங்காலம் மெயில்ல வந்துச்சு" என்றாள். "என்னைப் பத்தி ஏன் ஒண்ணும் எழுதல?"

"என் தப்பைத்தானே நான் எழுதணும்."

ஒரு மடக்குக் குடித்தாள். "என் தப்பை நான் எழுதிட்டேன்க்கா. சனிக்கிழமையே. மெஷினை மாத்தச் சொன்னது நான், புள்ளியை விடைன்னு எடுக்கும்னு சோதிச்சுப் பார்க்காம விட்டதும் நான்னு. இது என் அக்கா ஸ்கூல்ல தெரியவந்ததால நான் முடிவு எடுக்க மாட்டேன், வேற ஆள் எடுக்கட்டும்னும் எழுதி இயக்குநருக்கு அனுப்பிட்டேன்."

சனிக்கிழமை! நான் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த அதே மதியம் அவள் மாடியில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல். இடையில் போய் வந்துகொண்டிருந்த அந்த மனுஷனுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. கேட்டால் "நான் டிரைவர்" என்கிறார்.

"அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன்.

"பிஸ்கட் இருக்கா?" என்றாள்.

மார்ச் 8, வெள்ளி

இயக்குநர் அலுவலகத்தில் நாற்பது பள்ளிகளின் விடைத்தாள்களைக் கையால் எடுத்துப் பார்த்தார்களாம். ஒன்பது பள்ளியில் இதே புள்ளி! எல்லாம் என் வயசு ஆசிரியர்கள் இருக்கும் பள்ளிகள். ஒரே பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்தது மாநிலம் முழுக்கப் போய் முளைத்திருக்கிறது. அங்கெல்லாம் ஒன்பதாம் பக்கத்தை வாசித்தார்களாம். பிள்ளைகள் காதில் வாங்கிக்கொண்டு, பழக்கத்தில் புள்ளியையும் வைத்திருக்கிறார்கள்.

எல்லாத் தாளையும் மறுபடி படிக்கப் போகிறார்கள். பதினொன்றாம் தேதி ஆணைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு எழுத்துபூர்வமாக ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. வாங்கிக்கொண்டேன். நியாயம்தான். தங்கையை ஒருங்கிணைப்பாளர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டு அச்சுப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். அது எனக்கு நியாயமாகப் படவில்லை. "அஞ்சு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டேன் பாரு, எட்டு மாசத்துல முதல் தடவை" என்று சிரித்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய.

மார்ச் 20, புதன்

வந்துவிட்டது! வக்கீலம்மாவுக்கு இருபத்தாறு. மரங்கொத்திக்கு இருபத்து மூன்று. பென்சில் கடிக்கும் அந்த வாயை அப்படியே கொஞ்சலாம் போல இருந்தது. ஜன்னல் ராணிக்கு அதே பத்தொன்பது. "அப்ப நான் முதல் இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள், அதிகம் வருத்தப்படாமல். சிவப்பு ஆறு பேர்தான். என் வகுப்பு எனக்கு.

தலைமையாசிரியர் மணியை அவரே அடித்து, கால் மணி முன்னதாகவே பள்ளிக்கூடத்தை விட்டார். கேட்டால் கடிகாரம் வேகமாக ஓடியது என்றார்.

மார்ச் 21, வியாழன்

இன்றுதான் பட்டியலை நிதானமாகப் பார்த்தேன். சிவப்பு ஆறில் ஐந்து எனக்குத் தெரிந்த கதை. அடிக்கடி லீவு போடும் இரட்டையர். கண்ணாடி வாங்கும்படி நான் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒருத்தன். கடன் வாங்கிக் கழித்தல் இன்னும் பிடிபடாத இரண்டு பேர்.

ஆறாவது பெயர். முப்பதுக்கு ஐந்து. முதல் பட்டியலிலும் ஐந்து. அன்று எல்லாரும் சிவப்பு, அவளும் அவர்களில் ஒருத்தி. இன்று எல்லாரும் மேலே போய்விட்டார்கள், அவள் அங்கேயே நிற்கிறாள்.

மூன்றாம் வரிசை, சுவரோரம். நோட்டு எப்போதும் சுத்தமாக இருக்கும். பலகையில் எழுதியதை முத்து முத்தாகப் பார்த்து எழுதுவாள். "புரிஞ்சுதா?" என்றால் எல்லாரோடும் தலையாட்டுவாள். சத்தம் போட மாட்டாள், அடிபட மாட்டாள், அழ மாட்டாள். மதிய இடைவேளையில் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு வரியைக் காட்டினேன். சிரித்தாள். படிம்மா என்றேன். மறுபடியும் சிரித்தாள். ஒன்றாம் வகுப்புப் புத்தகம். இரண்டு எழுத்துச் சொல்லைப் படித்தாள். மூன்று எழுத்து வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள், நான் வாயைத் திறக்கிறேனா என்று. எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது பக்கத்துப் பெண்ணின் உதட்டைப் பார்த்து அவளும் வாயசைத்திருக்கிறாள். மூன்று வருஷம்.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். ஜன்னல் ராணி எத்தனை இடத்தில். மரங்கொத்தியின் பென்சில், வக்கீலம்மாவின் வாய். இரண்டரை மாதத்தில் அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாருக்கும் பட்டப்பெயர் உண்டு என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். அவளுக்கு நான் வைக்கவே இல்லை. வைக்கவில்லை என்பதுகூட எனக்கு இன்றுவரை தெரியாது.

என்ன டீச்சர் நான்? மூக்குத் துடைச்ச கையாம், ஷூ நாடா கட்டின கையாம். பெரிய இவ மாதிரி எழுதி வெச்சிருக்கேன்.

தங்கை வந்தபோது அழுதுகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டாள். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால் பட்டியலை வாங்கி அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தாள்.

"இவளுக்காகத்தான்க்கா இவ்வளவும்" என்றாள். "உனக்கு மார்க் போடுறதுக்கு இல்ல. உன் கண்ணுக்கும் தப்பிப் போற ஒருத்தி இருப்பா இல்ல, அவளுக்காக."

இதை அந்த மண்டபத்தில் சொல்லியிருந்தால் நான் அன்றே ஒன்பதாம் பக்கத்தைப் படித்திருப்பேன் என்றேன். "சொன்னேன். நீ கை தட்டிட்டு இருந்த" என்றாள்.

மார்ச் 25, திங்கள்

தினமும் மதியம் அரை மணி. அவளும் நானும். அவள் அம்மாவை வரச் சொல்லியிருந்தேன்; துணிக் கடையில் வேலை. "வீட்டுல ஒரு தொந்தரவும் பண்ண மாட்டா டீச்சர், அவ பாட்டுக்கு இருப்பா" என்றாள், பெருமையாக. இங்கேயும் அப்படித்தாம்மா என்றேன். அதுதான் என் தப்பு என்பதையும் சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 3, புதன்

இன்று நாலு எழுத்துச் சொல் மூன்று படித்தாள். ஆனால் தெரியாததற்கு இன்னும் அதே சிரிப்பு. தெரியவில்லை என்று சொல்லு, டீச்சர் கோபப்பட மாட்டேன் என்கிறேன். தலையாட்டுகிறாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டத்தான் அவளுக்குத் தெரியும், நான்தானே பழக்கினேன்.

அச்சுப் பிரிவில் தங்கை அடுத்த ஆண்டு விடைத்தாளில் கேள்வி எண்ணுக்கும் முதல் வட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விட வைத்திருக்கிறாள். "புள்ளிக்கு இடம்" என்றாள். தெரியாத கேள்விக்கு ஒரு குழந்தை திரும்பி வருவது நல்ல பழக்கம்தானாம், அதை ஏன் கெடுக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சிவப்பில் இருந்த மற்ற ஐந்து பேரும் இப்போது அவளோடு உட்காருகிறார்கள். ஜன்னல் ராணி கூப்பிடாமலே வந்து சொல்லிக்கொடுக்கிறாள். தப்பாகத்தான் சொல்லிக்கொடுக்கிறாள், ஆனால் அத்தனை தைரியமாக!

ஏப்ரல் 12, வெள்ளி

இன்று முழு வகுப்பும் இருக்கும்போது வாசிப்புப் பாடம். ஆளுக்கு ஒரு வரி. சுவரோரம் வந்தது. நான் அவளைத் தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், போகவில்லை.

எழுந்து நின்றாள். விரலை வைத்து முதல் சொல்லைப் படித்தாள். இரண்டாவதையும் படித்தாள். மூன்றாவது கொஞ்சம் நீளம். விரல் நின்றுவிட்டது. வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பக்கத்துப் பெண்ணின் உதட்டைப் பார்க்கவில்லை. என்னை நேராகப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி,

"எனக்கு இது தெரியல டீச்சர்" என்றாள்.

மூன்று வருஷத்தில் நான் கேட்ட அவளுடைய முதல் முழு வாக்கியம். "ரொம்ப நல்லதுடா கண்ணு, இங்க வா" என்றேன். தெரியாததற்கு இவ்வளவு பாராட்டா என்று வக்கீலம்மா முறைத்தாள்.

புத்தகத்தோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். எழுத்தெழுத்தாகப் பிரித்து இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். பள்ளிக்கூடம் மூட இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.